மாரி முழுக்க நின்ற பிக்கப்: திறப்பைத் திருகுவதற்கு முன்

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் வன்னியில் பல பிக்கப்புகள் வளவை விட்டு வெளியே வருவதில்லை. ஒட்டுசுட்டானிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் உள்ளே போகும் பாதைகள் சேறாகிவிடும். துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கத்தில் வயலுக்குப் போகும் ஒழுங்கைகளில் உழவு இயந்திரம் மட்டுமே போகும். ஏற்றுவதற்கு நெல்லும் இராது. காலபோகப் பயிர் அப்போதுதான் வயலில் நிற்கும். வண்டியின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அவர் வரும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். இப்படிக் கொட்டிலுக்குள்ளோ மாமரத்தின் கீழோ மூன்று நான்கு மாதம் நின்ற வண்டியின் நினைவு, தைப்பொங்கல் கழிந்து அறுவடை நெருங்கும்போதுதான் வரும். திறப்பைத் திருகினால் சத்தமே இருக்காது. அல்லது எஞ்சின் சுற்றும், பற்றாது. மறுபடியும் திருகுவார்கள், பற்றரி செத்துப்போகும்வரை. பிறகு பக்கத்து வளவு உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுப்பார்கள்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கயிறுதான். நின்ற மாதங்களில் ஒரு வண்டிக்கு வரும் கேடு பெரும்பாலும் சிறியது. ஒரு பில்டர், ஒரு பற்றரி, பிரேக் துப்புரவு என்று முடிந்துவிடும். எஞ்சினைப் பிரித்துப் போடும் அளவுக்குச் செலவை இழுத்து வருவது, அதை எழுப்ப அவசரப்படும் முதல் சில நிமிடங்கள். எது பழுது என்று தெரியாமலே திருகுவதும் இழுப்பதும் எங்கள் ஊர்களில் எத்தனையோ நல்ல எஞ்சின்களைக் கொன்றிருக்கின்றன.

இங்கே ஓடும் பிக்கப்புகளில் பல இருபது, முப்பது ஆண்டு பழையவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை ஒரு விவசாயியின் கைக்கு எட்டும் விலை அல்ல. வளவில் நிற்கும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பழுதானால் அதன் இடத்துக்கு இன்னொன்று வராது. நெல் மூட்டையும், முல்லைத்தீவிலிருந்து றெஜிபோம் பெட்டியில் வரும் மீனும், திருவிழாவுக்குப் போகும் குடும்பமும் அந்த ஒரு வண்டியையே நம்பியிருக்கின்றன.

குளிர்நாட்டு ஆலோசனைகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கனடாவிலிருந்து உறவினர் தொலைபேசியில் சொல்வதும், காணொளிகளில் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த நாடுகளுக்கு உரியவை. அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகைவரை இறங்கும். டீசலில் உள்ள மெழுகு திரண்டு பில்டரை அடைக்கும். ஒயில் தடித்து எஞ்சின் சுற்ற மறுக்கும். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் நல்ல பற்றரியின் வலுவே ஏறத்தாழப் பாதியாகிவிடும். ரேடியேற்றரில் வெறும் தண்ணீர் இருந்தால் அது உறைந்து விரிந்து எஞ்சின் வார்ப்பை வெடிக்கச் செய்யும். அதனால்தான் இரவில் எஞ்சினைச் சூடாக வைக்க மின்சாரச் சூடாக்கி பூட்டுகிறார்கள். வன்னியின் குளிர்ந்த இரவோ பொதுவாக 20 பாகையை ஒட்டியே நிற்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. நனைந்த உடம்போடு காற்றில் நின்ற மாட்டைக் கொல்ல அந்தக் குளிர் போதுமானதாக இருந்தது. டீசலைத் திரள வைக்கப் போதாது.

எங்கள் வண்டிகளைத் தின்பது ஈரம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. மழை விட்ட பிறகு பனி தொடங்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அது தகரத்தையும் துளைக்கும். பகல் வெயிலில் டீசல் தாங்கிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே போகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்று உள்ளே வருகிறது, உள் தகரத்தில் நீராகப் படிகிறது. அடுத்த நாளும் இதுவே நடக்கிறது. பாதித் தாங்கியோடு நின்ற வண்டிக்குள் மழைத்துளி ஒன்றுகூட விழாமலே தண்ணீர் சேர்வது இப்படித்தான். கியர்ப் பெட்டி, பின் அச்சு, பிரேக் டிரம் எல்லாவற்றுக்குள்ளும் இதே மூச்சு நடக்கிறது.

ஆகவே திறப்பைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, முதலில் வண்டியைச் சுற்றி வாருங்கள். பொனட்டைத் திறப்பதற்கு முன் அதைக் கையால் நாலு தட்டுத் தட்டுங்கள், ஒரு தடியும் கையில் இருக்கட்டும். மாரியில் உலர்ந்த இடம் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நாகமும் புடையனும் எஞ்சின் மேல் சுருண்டு கிடப்பது எங்கள் பக்கத்தில் அபூர்வமான செய்தி அல்ல. எலி கூடு கட்ட விரும்பும் இடம் காற்று பில்டர்ப் பெட்டி. அதன் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் எஞ்சினைச் சுழற்றினால் வைக்கோலும் பஞ்சும் எஞ்சினுக்குள் போகும். வயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். கடித்த இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் காயம் இருந்தால் கட்டாயம். எலியின் சிறுநீர் வழியே வரும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பர் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்தது. புகைக்குழாயின் வாயையும் டீசல் தாங்கியின் காற்றுக்குழாயையும் பார்க்க வேண்டும். புகைக்குழாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தால் எஞ்சின் பற்றினாலும் ஓடாது. காற்றுக்குழாயை அடைத்திருந்தால் ஓடிய கொஞ்ச நேரத்தில் டீசல் வராமல் நின்றுவிடும்.

அடுத்தது மிக முக்கியமான கேள்வி: வண்டி நின்ற இடத்தில் வெள்ளம் ஏறியதா? 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒரே இரவில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வெள்ளம் சில்லின் நடுப்பகுதியைத் தாண்டியிருந்தால் அந்த வண்டியை ஒரு தடவைகூடத் திருகாதீர்கள். அதற்கான கணக்கு எளிது. 3எல் என்று பெயரிட்ட, ஏறத்தாழ 2,800 சிசி கொண்ட பழைய டொயோட்டா டீசல் எஞ்சினில் நாலு சிலிண்டர். ஒன்றுக்கு 700 சிசி. பிஸ்டன் மேலே வரும்போது காற்று 22 மடங்கு அமுங்குகிறது. அப்போது மிஞ்சும் இடம் முப்பது சிசி சொச்சம்தான், இரண்டு மேசைக்கரண்டி அளவு. தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. அந்த இரண்டு கரண்டிக்கு மேல் தண்ணீர் சிலிண்டருக்குள் நின்றால் ஏறிவரும் பிஸ்டனுக்குப் போக இடமில்லை, இணைப்புத் தண்டு வளையும். ஸ்டார்ட்டரின் வலுவே சில வேளை அதற்குப் போதும். உழவு இயந்திரம் இழுத்தால் சந்தேகமே இல்லை.

காற்று பில்டர் நனைந்து காய்ந்த தடம், பெட்டிக்குள் சேற்றுக் கோடு, அளவுகோலில் பால்தேநீர் நிறத்தில் ஒயில் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் மெக்கானிக்கை வளவுக்கு அழையுங்கள். ஒயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் அப்படியே. தண்ணீரோ டீசலோ கீழே இறங்கியிருக்கிறது. அவர், எழுப்பும் முன் சிலிண்டரின் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுவார், தண்ணீர் இருந்தால் அந்த ஓட்டைகள் வழியே வெளியே பாயும். பிறகு ஒயில், ஒயில் பில்டர் இரண்டும் புதிது. ஒரு நாள் வேலை, எஞ்சின் பிழைத்துவிடும்.

வெள்ளம் ஏறாத வண்டியிலும் எஞ்சினை முதலில் கையால் சுற்றிப் பார்ப்பதே நல்லது. முன்புறம் கப்பியின் நடுவில் உள்ள போல்டில் பெரிய ஸ்பனரைக் கொழுவி, வண்டியை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் இரண்டு சுற்று. டீசல் எஞ்சின் என்பதால் கை கனக்கும். ஆனால் ஓரிடத்தில் கல்லென்று நிற்கக்கூடாது.

இனிப் பற்றரி. வண்டி எழும்பாததற்கு முதற்காரணம் பெரும்பாலும் இதுதான், இதை அறிய மெக்கானிக் தேவையில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒரு மீற்றர் போதும். ஓடாமல் நிற்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டும். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசி. 11.8க்குக் கீழே போய்ப் பல வாரம் கிடந்திருந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகியிருக்கும். அந்தப் பற்றரி மீண்டாலும் பழைய வலு வராது. குளிர்நாட்டில் பற்றரி வலு குறைந்து படுக்கும். எங்கள் நாட்டில் வெப்பத்தால் தானாகவே வடியும்: 10 பாகை வெப்பம் கூடினால் வடியும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அதோடு மணிக்கூடு, ரேடியோ, திருட்டு அலாரம் எல்லாம் சேர்ந்து 30 மில்லி அம்பியர் இழுத்தால்கூட 90 நாளில் 65 அம்பியர்-மணி போய்விடும். பிக்கப்பில் இருப்பது 70 அம்பியர்-மணிப் பற்றரி என்றால், கார்த்திகையில் நிறுத்திய வண்டி மாசியில் ஏன் பேசவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைத் தூளை அப்பச்சோடா கரைத்த சுடுநீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். மூடி திறக்கும் வகைப் பற்றரியில் தகடுகளுக்கு மேலே நீர் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள். வன்னிக் கிணற்று நீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் பற்றரியைக் கெடுக்கும். இறங்கிய பற்றரியைக் கழற்றிச் சார்ஜரில் இரவு முழுக்கப் போடுவதே சரியான வழி. 70 அம்பியர்-மணிக்கு 7 அம்பியர் போதும். இன்னொரு வண்டியிலிருந்து வயர் கொழுவித்தான் ஆக வேண்டும் என்றால், சிவப்பைச் சிவப்பில் கொழுவிய பின் கறுப்பின் கடைசி முனையைப் படுத்த பற்றரியில் கொழுவாமல் எஞ்சினின் இரும்பில் கொழுவுங்கள். பற்றரியிலிருந்து வரும் ஐதரசன் வாயுவுக்கு ஒரு பொறி போதும். அது வெடித்தால் கொட்டுவது அமிலம்.

இப்போது திறப்பைத் திருகலாம், ஆனால் காதைக் கொடுத்துத் திருகுங்கள். வேகமாக டக்டக்டக் என்று அடித்து விளக்குகள் மங்கினால் பற்றரியில் வலு இல்லை. விளக்குகள் பளிச்சென்று எரிய, ஒரே ஒரு டொக் மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரின் உள்ளே செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கலாம்; எஞ்சின் இறுகியும் இருக்கலாம். எஞ்சினை முதலிலேயே கையால் சுற்றிப் பார்த்தவருக்கு இந்த இடத்தில் சந்தேகம் வராது. இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினால், பற்றரியிலிருந்து சசிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் ஈரத்தில் அது துருப்பிடிப்பதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால் பற்றரியை விட்டுவிடுங்கள். இனித் தேட வேண்டிய இடம் டீசல். எதுவானாலும் ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் சுற்றக்கூடாது, இடையில் ஒரு நிமிடம் ஆற விட வேண்டும். ஸ்டார்ட்டர் எரிவது சூட்டால்.

டீசல் பக்கம்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது, ஏனென்றால் பணம் அதிகம் போவது அங்கேதான். பழைய எஞ்சின்களில் டீசலைப் பீச்சும் பம்பின் உள்ளுறுப்புகளுக்குத் தனியாக ஒயில் கிடையாது. ஓடும் டீசலே அவற்றுக்கு உயவு. டீசலோடு தண்ணீர் போனால் உயவு அற்றுப்போகும், மயிரிழை இடைவெளியில் ஓடும் உருக்கு உருக்கை உரசும், பிறகு துருப்பிடிக்கும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து ஹைலக்ஸில் வந்த 1கேடி போன்ற பொதுக்குழாய் (கொமன் ரெயில்) எஞ்சின்களில் நிலைமை இன்னும் கடுமை. 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் அவற்றின் இன்ஜெக்டர்கள் தண்ணீரைத் தாங்கவே தாங்காது. நாலு இன்ஜெக்டரையும் மாற்ற வந்த விலையைக் கேட்டு வண்டியை அப்படியே விற்றவர்களை எனக்குத் தெரியும்.

பொனட்டுக்குக் கீழே டீசல் பில்டரைத் தேடிப் பிடியுங்கள். மேலே அமுக்கும் குமிழ், நடுவில் பில்டர், அடியில் சிறிய பிளாஸ்டிக் திருகு. அந்தத் திருகுக்குக் கீழே, ஒளி ஊடுருவும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வெட்டிப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்தி, மேலேயுள்ள குமிழை மெதுவாக அமுக்குங்கள். முதலில் வருவது கலங்கலாக இருக்கும். அரைப் போத்தல் சேர்ந்ததும் திருகை இறுக்கி, போத்தலை ஒரு பலகையில் வைத்துப் பத்து நிமிடம் ஆடாமல் விடுங்கள். டீசல் மேலே பொன்னிறமாகத் தெளியும். தண்ணீர் இருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கூர்மையான கோடு தெரியும். அந்தக் கோட்டில் கறுப்பாக, வழவழவென்று ஒரு படிவு தொங்கினால் அது உயிருள்ளது: டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் பூஞ்சையும் பக்டீரியாவும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் என்றால் தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டுப் பில்டரை மாற்றலாம். கறுப்புப் படிவு கண்டால் தாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும், வேறு வழியில்லை. கழுவாமல் பில்டரை மாற்றினால் புதுப் பில்டரும் சில நாளில் அடைத்துவிடும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிடைத்ததையெல்லாம் கானில் சேர்த்து வைத்துப் பழகியவர்கள் இன்றைக்கும் பழைய டீசலைத் தாங்கிக்குள் ஊற்றுவதைப் பார்க்கிறேன். கானின் அடியில் நின்ற கடைசி அரை லீற்றரைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

வடித்த பின் குமிழை அமுக்கிக்கொண்டே இருங்கள், அது கல்லாக இறுகும்வரை. இறுகவே மறுத்தால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் தாங்கியிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு, அல்லது கிளிப் தளர்வு. பழைய பம்பில் டீசலை நிறுத்தவும் விடவும் ஒரு மின்கட்டை உண்டு. திறப்பை ஓன் நிலைக்குத் திருகும்போது பம்பின் அருகே காதை வைத்தால் டிக் என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் டீசல் எவ்வளவு இருந்தும் பயனில்லை. எலி கடித்த அந்த ஒற்றை வயரைத் தேடுங்கள்.

புகைக்குழாயும் பேசும், அதைப் பார்க்க ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். எஞ்சின் சுற்றும்போது ஒரு துளிப் புகையும் வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெண்புகை தள்ளிக்கொண்டு வந்தும் பற்றாவிட்டால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது குற்றவாளி பெரும்பாலும் ஹீட்டர் பிளக். நாலில் இரண்டு செத்திருந்தாலும் கோடைக் காலையில் வண்டி எழும்பிவிடும், தைப் பனியில் எழும்பாது. அதனால்தான் பல நாள் மறைந்திருந்த அந்தப் பழுது இப்போது வெளிப்படுகிறது. ஹீட்டர் பிளக் சூடேறுவதைக் காட்டும் சுருள் விளக்கு அணைந்த பின் இன்னொரு முறை சூடேற்றித் திருகிப் பாருங்கள். பற்றிய பிறகு கரும்புகை தொடர்ந்தால் காற்று பில்டர், நீலப்புகை தொடர்ந்தால் ஒயில் எரிகிறது.

இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒரு மூடி பெற்றோலைக் காற்றுவழியில் ஊற்றச் சொல்வார்கள். அந்த ஆலோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வன்னிக்குள் அரிதானபோது, கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள் எங்கள் ஆட்கள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்த வண்டிகள்தான். அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அவை தீப்பொறியால் பற்றும் பெற்றோல் எஞ்சின்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அமுங்கிச் சூடேறிய காற்றில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். பழுக்கக் காய்ந்த ஹீட்டர் பிளக் உள்ளே இருக்க, எஞ்சினை எழுப்பக் கடையில் விற்கும் ஸ்பிரேயையோ பெற்றோலையோ விட்டால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிக்கும். ரிங் உடையும், ஹெட் கேஸ்கட் போகும், ஊற்றியவரின் முகமும் வேகலாம்.

எஞ்சின் பற்றும் முன் செய்யத்தக்க நல்ல காரியம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் நின்ற எஞ்சினில் ஒயில் முழுக்கக் கீழே வடிந்துவிடும். பழைய வகைப் பம்பு என்றால் அந்த மின்கட்டையின் வயரைக் கழற்றிவிட்டு, டீசல் இல்லாமல் ஏழெட்டு வினாடி வீதம் இரண்டு மூன்று முறை சுற்றுங்கள். ஒயில் விளக்கு அணைந்தால் ஒயில் மேலே ஏறிவிட்டது என்று பொருள். பிறகு வயரைக் கொழுவி எழுப்புங்கள். எழும்பியதும் அக்சிலேற்றரை மிதித்து உறும விடுவது பெரிய கொடுமை. இரண்டு நிமிடம் தன்பாட்டில் ஓடட்டும். அந்த நேரத்தில் மீற்றரைப் பற்றரியில் வையுங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டினால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டனேற்றர் வேலை செய்கிறது.

எஞ்சின் எழும்பியும் வண்டி அசையவில்லை என்றால் பிரேக். ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாரிக்கு நிறுத்தியிருந்தால் பின் சில்லுகளின் பட்டைகள் டிரம்மோடு துருவால் ஒட்டிவிடும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மெதுவாக மாற்றி மாற்றி அசைத்துப் பாருங்கள். விடாவிட்டால் மேலும் மிதிக்க வேண்டாம், பட்டை பிய்ந்து டிரம்முக்குள் உருளும். சில்லைக் கழற்றி, டிரம்மின் முகத்தில் போல்டுகளுக்கு நடுவே சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஹைலக்ஸ் டிரம்மில் இரண்டு சிறு மரைத்துளைகள் இருக்கும். அவற்றுக்குள் இரண்டு போல்டைப் போட்டுச் சமமாக இறுக்கினால் டிரம் தானாகத் தள்ளி வெளியே வரும். உள்ளே பிரேக் ஒயில் கசிந்திருந்தால் வண்டி அன்றைக்கு வளவை விட்டுப் போகக்கூடாது. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். டொட் 3 வகை புதிதில் 205 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறிய பின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும், மிதி தரைக்குப் போகும். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போகும் வண்டியில் அது நடக்கக்கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் செலவு மிகச் சிறியது.

முன் டிஸ்க்குகளில் படிந்த துரு நாலு பிரேக்கில் தேய்ந்து போய்விடும், பயப்பட வேண்டாம். கிளச்சை முழுக்க மிதித்தும் கியர் விழாவிட்டால் கிளச் தட்டு ஒட்டியிருக்கிறது. அதைக் கராஜில் விடுங்கள். ரயர்களுக்குக் காற்று அடித்து, பக்கவாட்டில் வெடிப்புப் பாருங்கள். அங்கேயுள்ள நாலு இலக்கக் குறி ரயர் செய்த காலத்தைச் சொல்லும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நின்ற இடத்தில் தட்டையான ரயர் ஓடிச் சூடானதும் பெரும்பாலும் உருண்டுவிடும்.

கூலன்ட் பற்றி ஒரு தவறான எண்ணம் இங்கே வேரூன்றியிருக்கிறது: உறைபனி இல்லாத நாட்டில் அது எதற்கு என்பது. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் மற்ற இரண்டு. சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரை ரேடியேற்றருக்குள் விட்டு மாதக்கணக்கில் நிறுத்தினால் உள்ளே செம்பழுப்புச் சேறும் வெள்ளைப் படிவும் சேரும். அறுவடைச் சுமையோடு வெயிலில் ஓடும்போது எஞ்சின் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் துருநீர் தெரிந்தால் கழுவி, கூலன்ட் கலந்து நிரப்புங்கள்.

சேற்று நீருக்குள் ஓடிய பின் அப்படியே நிறுத்திய வண்டியில் பின் அச்சையும் பார்க்க வேண்டும். சூடான அச்சு குளிர்ந்த நீருக்குள் இறங்கினால் காற்றுக்குழாய் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அடித் திருகைச் சற்றே தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் அச்சு ஒயிலை முழுக்க மாற்றுங்கள்.

முதல் ஓட்டம் வெறும் வண்டியாக, மெதுவாக, ஐந்தாறு கிலோமீற்றர். நிறுத்தி ஒவ்வொரு சில்லின் நடுவையும் புறங்கையால் தொடாமல் நெருங்கிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே குனிந்து கசிவு பாருங்கள்.

அடுத்த மாரிக்கு நிறுத்தும்போது தாங்கியை நிரப்பி நிறுத்துங்கள். காற்றுக்கு இடம் இல்லையென்றால் ஈரத்துக்கும் இடம் இல்லை. பற்றரியின் கறுப்பு முனையைக் கழற்றி வையுங்கள். ஹான்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். சில்லுகளுக்குக் கீழே பலகையோ செங்கல்லோ இருக்கட்டும். தறப்பாளை வண்டியின் மேலேயே இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே ஈரம் சிறைப்பட்டுத் துரு வேகமாகும்; நாலு கம்பு நட்டு மேலே கூரையாகக் கட்டுங்கள், காற்று ஓடட்டும். மீன் ஏற்றிய வண்டி என்றால் நிறுத்துவதற்கு முன் பின்பெட்டியையும் அடிச்சசியையும் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். உப்பு என்ன செய்யும் என்பதற்கு, போர் முடிந்த பின் முள்ளிவாய்க்கால் கரையில் குவிந்து கிடந்த வாகனங்களைக் கண்டவர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எழுப்பி நிறுத்துவது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அதில் நன்மையைவிடத் தீமை அதிகம். ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரமே அந்த ஐந்து நிமிடத்தில் பற்றரிக்குத் திரும்பாது. எரிதலில் உண்டாகும் நீராவி, சூடேறாத எஞ்சினிலும் புகைக்குழாயிலும் தண்ணீராகத் தங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் வீதியில் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். முடியாவிட்டால் நிற்கட்டும்.

வீதிக்கு ஏற்றும் முன் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியைப் பாருங்கள். மாரியில் நின்ற வண்டிக்கு அது பெரும்பாலும் முடிந்திருக்கும், காப்புறுதியும் கூடவே. பிரதேச செயலகத்தில் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு வண்டியை எழுப்பிய அன்றே கொண்டுபோக வேண்டாம். ஒயிலும் பில்டர்களும் மாற்றி, சில நாள் ஓடி, எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும் நேரத்தில் கொண்டுபோங்கள். பழைய டீசல் எஞ்சின்கூடப் பெரும்பாலும் முதல் தடவையிலேயே தேறிவிடும்.